987: கேமனா, பாக்ஸ்டரா? ஒரு கூரைப் பஞ்சாயத்து

9 செப்டம்பர் 2023 · ஈரத்தெரு

2006 முதல் 2008-க்குள் ஒரு போர்ஷே 987 எஸ் பார்க்கிறேன் (987 என்பது போர்ஷேயின் உள்குறியீடு: துணிக்கூரையோடு திறப்பது பாக்ஸ்டர், மூடிய கூபே கேமன்; எஸ் என்பது சக்தி கூடிய வகை). 3.4 இன்ஜின், மேனுவல். இருப்பது பிரிட்டனில், கராஜ் இல்லை, வண்டி தெருவில்தான் நிற்கும். என் வாதம் இது: கூரை வெட்டிய வண்டியில் எடை கூடும், பாடி ஆடும், டிக்கி சுருங்கும், மழை ஒழுகும். ஆகவே கேமன் எஸ். ஆனால் அதே வருடம், அதே மைலேஜில் பாக்ஸ்டர் எஸ் நல்ல விலை குறைவாகக் கிடைக்கிறது. இந்த நாலில் எது நிற்கும், எது நிற்காது? "ரெண்டுமே நல்ல வண்டிதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

9 செப்டம்பர் 2023, இரவு · ஆறுசிலிண்டர்

எடை நிற்காது. 987 பாக்ஸ்டர் எஸ் 1345 கிலோ, கேமன் எஸ் 1340 கிலோ. ஏழு லிட்டர் பெட்ரோல் குறைவாகப் போட்டால் தீர்ந்தது.

வெட்டினால் எடை கூடும் என்பது, கூபேயாகப் பிறந்து பிறகு வெட்டப்பட்ட வண்டிகளின் சங்கதி. போர்ஷே 911-இன் 997 தலைமுறை கரேரா கூபே 1395 கிலோ, அதன் திறந்த வடிவமான காப்ரியோலே 1480. மடங்கும் இரும்புக் கூரையோடு வந்த பிஎம்டபிள்யூ எம்3-இல் வித்தியாசம் 200 கிலோவைத் தாண்டும். கூரையோடு போன பலத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும் தரையிலும் தகடு சேர்த்து மீட்கிறார்கள். அந்தத் தகடும், கூரையை மடக்கும் மோட்டாரும்தான் எடை.

பாக்ஸ்டர் பிறந்ததே திறந்த வண்டியாக. 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் வந்த மாதிரியும் அப்படி, 1996-இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர் 986-உம் அப்படி. 2005-இல்தான் 987-இன் மேல் இரும்புக் கூரை வைத்துக் கேமன் எஸ் செய்தார்கள். தரையில் போடவேண்டியதை முன்பே போட்டாயிற்று. கூரை அதன்மேல் வந்த உபரி. கண்டிப்பாக எடை கூடும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் கூடாததற்குக் காரணம் இதுதான்.

வருடக் கணக்கைக் கவனியுங்கள். 2005, 2006 மாடல் பாக்ஸ்டர் எஸ்ஸில் இருப்பது 3.2 லிட்டர், 280 குதிரைத்திறன். 2007 மாடலிலிருந்துதான் 3.4, 295. கேமன் எஸ் முதல் நாளிலிருந்தே 3.4, 295. "2006 பாக்ஸ்டர் எஸ் 3.4" என்று விளம்பரம் இருந்தால், ஒன்று 2007 மாடல் முன்கூட்டியே பதிவானது, இல்லையென்றால் விற்பவருக்குத் தன் வண்டியே தெரியாது. சேசிஸ் எண்ணின் பத்தாவது இடம் மாடல் வருடம்: 6 என்றால் 2006, 7 என்றால் 2007.

10 செப்டம்பர் 2023 · கூபேகாரன்

எடையைப் பேசி விறைப்பை ஒளித்துவிட்டீர்களே அண்ணே. கேமனின் முறுக்கு விறைப்பு பாக்ஸ்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிஎம்டபிள்யூ இசட்4-இல் ரோட்ஸ்டர் டிகிரிக்கு 14,500 நியூட்டன் மீட்டர், கூபே 32,000. இதற்கு என்ன பதில்?

10 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

ஒளிக்கவில்லை, வரிசையாக வருகிறேன்.

இனிப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடியில்லாமல் எதிரெதிர் மூலையில் பிடித்துத் திருகினால் முறுகும். மூடியை ஒட்டிவிட்டுத் திருகினால் அசையாது. இரண்டு மடங்கு என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி, அது ஓட்டுகிறவர் கைக்கு எங்கே வந்து சேர்கிறது என்பது.

சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைவிடப் பாடி பல மடங்கு விறைப்பாக இருந்தால், ஸ்பிரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். பாக்ஸ்டரின் தொழிற்சாலை ஸ்பிரிங்குக்கு அதன் பாடி தாராளம். நல்ல சாலையில் வித்தியாசம் தெரியாது. ஒட்டுப்போட்ட சாலையில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, கண்ணாடிச் சட்டமும் உள்கண்ணாடியும் லேசாக நடுங்கும். கூரை மூடியிருந்தால் முன்பக்கக் கொண்டி அருகே முனகல் கேட்கும். அவ்வளவே. பழுதல்ல.

பாடி தாங்கும் என்பதால் கேமன் எஸ்ஸுக்குக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கும், வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரும் கொடுத்தார்கள். ஆக, வளைவில் கேமன் கூர்மையாகத் தெரிவதில் ஒரு பங்கு கூரைக்கு, ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கு. பாக்ஸ்டரை வாங்கிவிட்டு விறைத்த காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த செட்) மாட்டி, 19 அங்குலச் சக்கரமும் போட்டால், இல்லாத நடுக்கத்தைக் காசு கொடுத்து வரவழைத்ததாகிவிடும். 17 அல்லது 18 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 18-இல் முன்னால் 235/40, பின்னால் 265/40. இரண்டு வண்டிக்கும் ஒரே அளவு.

10 செப்டம்பர் 2023 · கூபேகாரன்

ஸ்பிரிங் பங்கை ஏற்கிறேன். நடுக்கம் "லேசாக" என்பதை ஏற்கவில்லை.

12 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

டிக்கி. இது பாதி நிற்கும்.

இரண்டிலும் முன்பக்கம் 150 லிட்டர் ஆழமான பெட்டி. பின்பக்கம் பாக்ஸ்டருக்கு 130, கேமனுக்கு 260. மொத்தம் 280-க்கு 410. ஆனால் மற்றத் திறந்த வண்டிகளில் நடப்பதுபோல, கூரையை மடக்கினால் டிக்கியில் பாதி போகாது. பாக்ஸ்டர் கூரை, இருக்கைக்குப் பின்னாலுள்ள இன்ஜினுக்கு மேலே தனி மூடிக்குள் படுத்துக்கொள்ளும். டிக்கிக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. திறந்தாலும் மூடினாலும் 280.

கேமனின் 260-ஐ அப்படியே நம்பவேண்டாம். அது பின்கதவுக்கடியில் உள்ள பள்ளமும் இன்ஜின் மேலுள்ள மேடையும் சேர்ந்தது. மேடை தட்டையானது, கீழே இன்ஜின் என்பதால் நீண்ட ஓட்டத்தில் சூடேறும். பால், சாக்லேட், மருந்து எதையும் அங்கே வைக்காதீர்கள், முன்பெட்டியில் வையுங்கள். இருக்கைக்கும் சாமானுக்கும் நடுவே முழுச் சுவர் இல்லை, குறுக்குக் கம்பிதான். கனமான பையை மேடைமேல் கட்டாமல் வைத்து பிரேக்கை அழுத்தினால் அது முன்னால் வந்துவிடும்.

கேமன் பின்கதவைத் தாங்கும் கேஸ் கம்பிகள் இந்த வயதில் தளர்ந்திருக்கும். தூக்கிவிட்டு இரண்டு நிமிடம் நிற்கிறதா பாருங்கள். கதவு தலையில் விழுவது விலை பேசுவதற்கு உதவாது.

15 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

இனி ஒழுகல். உண்மையான பிரச்சினை இதுதான், தெருவில் நிற்கும் வண்டிக்கு இன்னும் அதிகம். ஒழுகுவது பெரும்பாலும் துணி வழியாக அல்ல, வடிகால் வழியாக.

துணிமேல் விழும் மழை பின்னால் வழிந்து கூரை மடங்கும் குழிக்குள் இறங்கும். குழியின் இரு முன்மூலைகளிலும் ஒரு வடிகால் வாய் உண்டு. அங்கிருந்து குழாய் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கடியில் தண்ணீரை விடும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைத்தூளும் பாசியும் வாயை அடைக்கும். தண்ணீர் குழியில் ஏறி, இருக்கைக்குப் பின்னால் வழிந்து, தரைவிரிப்புக்கடியில் தேங்கும். 986-இல் அலாரமும், சாவியை அடையாளம் காணாமல் வண்டியை எடுக்கவிடாத இம்மொபைலைசரும் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையிலேயே இருக்கும். அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெட்டியை மாற்றினால் சாவிகளையும் அதற்குப் பழக்கவேண்டும். வடிகால் சுத்தம் செய்யாததற்குக் கட்டும் அபராதம் அது.

செய்யவேண்டியது:

கூரையைப் பாதி வரை திறந்து, பின்மூடி மேலே தூக்கி நிற்கும்போது நிறுத்துங்கள். இரு பக்க மூலையிலும் டார்ச் அடித்தால் வாய் தெரியும். மேலே கிடக்கும் குப்பையைக் கையால் எடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை, முனையை நெருப்பில் லேசாக உருட்டி, மெதுவாக உள்ளே விட்டுத் திருகுங்கள். ஆணி, கம்பி, சைக்கிள் ஸ்போக் வேண்டாம், குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம்: குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் தண்ணீர் வண்டிக்குள்ளேயே இறங்கும், அடைப்பு இருந்ததே மேல் என்றாகிவிடும். பிறகு அரை லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, கீழே ஒழுங்காக வருகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும்.

இலையுதிர் காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை. கால் மணி நேர வேலை.

வாங்கப் போகும்போது இருக்கையை முன்னால் தள்ளி, பின்னாலுள்ள தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேல்துணி காய்ந்திருக்கலாம், அடியில் தடிமனான பஞ்சு உண்டு, அது வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடிகளில் உள்பக்கம் பனி படிந்திருந்தாலோ, வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலோ இன்னும் அழுத்திப் பாருங்கள்.

கேமன்காரர்கள் சிரிக்கவேண்டாம். முன்கண்ணாடிக்கடியில் பேட்டரி இருக்கும் இடத்தின் வடிகால் இரண்டு வண்டிக்கும் பொது. அதுவும் இலையால் அடைபடும்.

16 செப்டம்பர் 2023 · ஈரத்தெரு

கூரை இயங்குவதை எப்படிச் சோதிப்பது? விற்பவர் ஒருதரம் திறந்து மூடிக் காட்டினால் போதுமா?

17 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

போதாது. மூன்று தரம் கேளுங்கள். முதல் தரம் ஓடி மூன்றாம் தரம் திணறும் கூரைகள் உண்டு.

987-இல் நடுவிலுள்ள கொண்டியைக் கையால் திருப்பி விடுவித்து, பிறகு பொத்தான். 12 வினாடி. மணிக்கு 50 கி.மீ. வரை ஓடிக்கொண்டே இயக்கலாம். 986-க்குக் கொண்டி அதேதான், ஆனால் வண்டி நின்று கைபிரேக் போட்டிருக்கவேண்டும்.

கண் வைக்கவேண்டிய இடம் பின்மூடி. இடமும் வலமும் ஒரே நேரத்தில் எழவேண்டும், ஒரே நேரத்தில் உட்காரவேண்டும். நடுவில் ஒரு மோட்டார். அதிலிருந்து இரு பக்கமும் சுழலும் கேபிள் போய்ப் பக்கத்துக்கு ஒரு சிறு கியர்பெட்டியை ஓட்டுகிறது. கேபிளின் வெளியுறை காலப்போக்கில் சுருங்கும், உள்கம்பியின் சதுர முனை தேய்ந்து வழுக்கும். அப்போது ஒரு பக்கம் பின்தங்கும். அந்த நிலையில் பொத்தானை விடாமல் அழுத்தினால் சட்டமே கோணலாகும். கேபிள் சில்லறைச் செலவு, சட்டம் அப்படி அல்ல.

இன்னொன்று, தள்ளுகம்பிகளின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் பந்துக்கிண்ணம். அது உடைவது சகஜம், உடைந்தால் "டக்" என்று சத்தம், ஒரு பக்கம் தொங்கும். கிண்ணம் மட்டும் மாற்றலாம். கம்பி முழுதும் வேண்டும் என்று சொல்லும் கடையில் இன்னொரு தரம் கேளுங்கள்.

986 கூரை அசையவே இல்லை என்றால் வரிசை இது. கொண்டியைத் திருப்பும்போது ஜன்னல்கள் கொஞ்சம் இறங்குகின்றனவா? இல்லையென்றால் கொண்டியிலுள்ள மைக்ரோஸ்விட்ச். இறங்கின, ஆனாலும் அசைவில்லை: கைபிரேக் விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் அதன் ஸ்விட்ச். அதுவும் சரி: ஃபியூஸ், இரட்டை ரிலே. மோட்டார் சத்தம் கேட்கிறது, கூரை வரவில்லை: கேபிள். இந்த வரிசையில் போனால் மோட்டாரை அநாவசியமாக மாற்றமாட்டீர்கள்.

17 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

விட்டுப்போனது: கதவைத் திறக்கும்போது ஜன்னல் கொஞ்சம் இறங்கவேண்டும், மூடியதும் ஏறவேண்டும். சட்டமில்லாத கண்ணாடி என்பதால் இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும். கதவுப் பூட்டின் மைக்ரோஸ்விட்ச் கெட்டால் கண்ணாடி இறங்காமல் மேல்ரப்பரை ஒவ்வொரு தரமும் இழுக்கும். பாக்ஸ்டரில் அந்த ரப்பர் கூரையோடு சேர்ந்தது.

21 செப்டம்பர் 2023 · டிராக்நாள்

டிராக்கில் ஓட்டுவதாக இருந்தால் விவாதம் இங்கேயே முடிந்தது. பல கிளப்புகளில் துடைப்பக்குச்சிச் சோதனை உண்டு: கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து, இருக்கைக்குப் பின்னாலுள்ள பாதுகாப்பு வளையத்தின் உச்சிக்கு ஒரு கோல் வைப்பார்கள், ஹெல்மெட் அதற்குக் கீழே, வழக்கமாக இரண்டு அங்குலம் தள்ளி இருக்கவேண்டும். பாக்ஸ்டரின் தொழிற்சாலை வளையங்களில் உயரமானவர்கள் தேறமாட்டார்கள். வளையத்தை உயர்த்தும் பாகங்கள் கிடைக்கின்றன, எல்லாக் கிளப்பும் ஏற்பதில்லை. முன்பணம் கட்டும் முன் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். கேமனில் இந்தத் தொல்லை இல்லை. போல்ட் போட்டு மாட்டும் ரோல்பாரும் கிடைக்கும்.

21 செப்டம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

சரி. டிராக் என்றால் கேமன், மறுபேச்சில்லை. முன்சக்கரத்துக்குக் கூடுதல் காம்பர் (சக்கரச் சாய்வு) வேண்டுமானால் 911 ஜிடி3-இன் இரண்டு துண்டு சஸ்பென்ஷன் கீழ்க்கை இரண்டு வண்டியிலும் பொருந்தும். சக்கர போல்ட் 130 நியூட்டன் மீட்டர். அடுத்த தலைமுறையான 981-க்கு வேறு எண். இணையத்தில் கலந்து கிடக்கிறது, பார்த்து எடுங்கள்.

2 அக்டோபர் 2023 · கூபேகாரன்

ஹார்டுடாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) மாட்டினால் பாக்ஸ்டர் கேமன் ஆகிவிடும் என்று ஒருவர் தனிச்செய்தியில் வாதாடுகிறார். யாராவது சொல்லுங்கள்.

2 அக்டோபர் 2023 · ஆறுசிலிண்டர்

ஆகாது. அது அலுமினியம், 25 கிலோ அளவு, சில கொண்டிகளில் உட்காருகிறது. கேமன் கூரை பாடியோடு பற்றவைத்தது. சத்தம் குறையும், குளிர் குறையும், துணி மழையில் நனையாது. விறைப்பில் சொல்லும்படி எதுவும் இல்லை. தூக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க ஒரு கராஜ் வேண்டும். கராஜ் இருந்தால் ஹார்டுடாப் தேவையே குறைவு என்பது இதிலுள்ள வேடிக்கை.

6 அக்டோபர் 2023 · துணிமடிப்பு

986 பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002 மாடல் வரை பின்ஜன்னல் பிளாஸ்டிக், 2003-லிருந்து கண்ணாடி. பிளாஸ்டிக் ஜன்னல் மடங்கும்போது ஒழுங்காக வளையாமல் மடிப்பு விழும், அந்த மடிப்பில் குளிர்காலத்தில் கீறி உடையும். அதனால் கூரையைப் பாதியில் நிறுத்தி, இறங்கிப் போய், ஜன்னலின் நடுவில் உள்ளங்கை ஓரத்தால் ஒரு தட்டு தட்டி மடிப்பை உள்பக்கம் திருப்பிவிட்டு, பிறகு முழுதும் திறக்கவேண்டும். ஊரெல்லாம் இதை "பாக்ஸ்டர் சாப்" (வெட்டு) என்பார்கள். 12 வினாடிக் கூரைக்கு ஒரு நிமிடச் சடங்கு. கடுங்குளிரில் திறக்கவே வேண்டாம்.

துணிக்கு: மென்மையான பிரஷ், நடுநிலை ஷாம்பு, இழையின் போக்கிலேயே தேய்ப்பது, நிறையத் தண்ணீர். அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியைத் தையல் பக்கம் காட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் துணிக்கான நீர்விலக்கித் திரவம், வருடத்துக்கு இரண்டு தரம். ஈரத்தோடு மடக்கி வைத்தால் பூஞ்சணம்.

7 அக்டோபர் 2023 · ஈரத்தெரு

கூரையைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, இன்ஜினைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

8 அக்டோபர் 2023 · ஆறுசிலிண்டர்

கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன். வண்டி விலையில் பாதியைத் தின்னும் பழுது கூரையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்கும் 3.4, எம்97 குடும்பம். அதில் சிலிண்டர்ச் சுவர் கீறல் வரும். சுவர், சிலிக்கான் துகள் கலந்த அலுமினியம். குளிர்ந்த இன்ஜினை விரட்டுவதும், பெட்ரோல் கலந்து நீர்த்த எண்ணெயும் அதற்கு எதிரி. குறுகிய தூரம் ஓடி, சூடேறாமலே நிறுத்தப்படும் நகர வண்டிதான் முதலில் மாட்டும், நெடுஞ்சாலை வண்டியைவிட. மைலேஜ் குறைவு என்று குதூகலிக்காதீர்கள். அறிகுறிகள்: எண்ணெய் அதிகம் குடிப்பது, சூடான இன்ஜினில் வேகத்தோடு கூடும் "டிக் டிக்", புகைக்குழாய் வாயில் கரி.

சோதனைக்கு எண்டோஸ்கோப், அதாவது மெல்லிய குழாய்க் கேமரா. ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகப் பார்த்து "சுத்தம்" என்று சீட்டு கொடுப்பார்கள். கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் தொடங்கும், மேலிருந்து சரியாகத் தெரியாது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான். பிளக் கழற்றுவதற்கும் பின்சக்கரத்தை எடுத்துக் கீழிருந்துதான் போகவேண்டும், பிளக் இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர்.

கேம்ஷாஃப்டுகளை ஓட்டும் இடைத்தண்டின் பியரிங், உடைந்தால் இன்ஜினே போகும் என்று எல்லோரும் பயமுறுத்தும் ஐஎம்எஸ்: 2006 வாக்கிலிருந்து பெரிய பியரிங், ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. ஆரம்ப கால 987-இல் பழைய சிறியது இருக்கலாம். கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் இறங்கும், அப்போது நடு நட்டைப் பாருங்கள்: 22 மி.மீ. என்றால் பெரியது, 13 மி.மீ. என்றால் சிறியது.

2009-இல் வந்த இரண்டாம் கட்ட 987-இல் இன்ஜினே புதிது. இடைத்தண்டே கிடையாது. 2.9 லிட்டர், 3.4 லிட்டர். 3.4 நேரடி எரிபொருள் பீய்ச்சல், 2.9-இல் பழைய முறைதான், பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே போகும், அதனால் வால்வில் கரி படியும் தொல்லை அதற்கு இல்லை.

இதிலிருந்து கேள்வியையே திருப்பலாம்: 2007 கேமன் எஸ்ஸின் விலைக்கு 2009 பாக்ஸ்டர் 2.9 பக்கத்தில் வரும். குதிரைத்திறனில் 295-க்கு 255. எனக்குக் கொடுத்தால் 255-ஐ எடுத்துக்கொள்வேன்.

8 அக்டோபர் 2023 · கூபேகாரன்

ஆறு சிலிண்டர் பெயரை வைத்துக்கொண்டு குதிரையை விற்கிறீர்கள்!

9 அக்டோபர் 2023 · ஆறுசிலிண்டர்

2.9-உம் ஆறு சிலிண்டர்தான் தம்பி. நாலு சிலிண்டர் 2016-இல், இவற்றின் வாரிசான 718-ஓடு வந்தது. 2009 மாடலிலிருந்து அதுவரை கேமனுக்குப் பாக்ஸ்டரைவிடப் பத்து குதிரை கூடக் கொடுத்து, விலையும் கூட வைத்திருந்தார்கள். 718-இல் குதிரையைச் சமமாக்கி, கேமனைப் பாக்ஸ்டருக்குக் கீழே இறக்கினார்கள். திறந்த வண்டிக்குக் காசு அதிகம் என்ற உலக வழக்கத்துக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள்.

30 அக்டோபர் 2023 · டிராக்நாள்

எடைப் பேச்சுக்கு ஒரு பின்குறிப்பு. 2010 பாக்ஸ்டர் ஸ்பைடர் 1275 கிலோ, 2011 கேமன் ஆர் 1295 கிலோ. திறந்த வண்டி 20 கிலோ இலேசு.

30 அக்டோபர் 2023 · ஆறுசிலிண்டர்

அந்த 20 கிலோவுக்கு விலை உண்டு. ஸ்பைடரில் மோட்டார் இல்லை, கூடாரம் கட்டுவதுபோல் கையால் மாட்டும் துணி. திறந்தபடி 267 கி.மீ. வேகம் போகும், துணியை மாட்டினால் 200-ஐத் தாண்டக்கூடாது என்பது போர்ஷே வைத்த வரம்பு. பிரிட்டனில் தெருவில் நிறுத்துபவருக்கு அது வண்டியல்ல, தண்டனை.

4 நவம்பர் 2023 · துணிமடிப்பு

இசட்4 ரோட்ஸ்டர், அதாவது இ85, பற்றி மேலே வந்ததால்: அதன் கூரையை ஓட்டும் ஹைட்ராலிக் பம்பு மோட்டார் கூரைக்குழியின் அடிமூலையில், வடிகாலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் முதலில் மூழ்குவது அதுதான். புது மோட்டார் போட்டதும் அதே குழியில் வைக்காமல், ஹோஸை நீட்டி டிக்கிக்குள் மாற்றி வைப்பது வழக்கமாகிவிட்டது. பாக்ஸ்டரில் மோட்டார் உயரத்தில் இருப்பதால் இந்தத் தலைவிதி இல்லை.

19 நவம்பர் 2023 · ஆறுசிலிண்டர்

செப்டம்பரில் எழுதியதை மறுபடி படித்தேன். வடிகாலை "கால் மணி நேர வேலை" என்று எளிதாக்கிவிட்டேன் போலிருக்கிறது. வேலை கால் மணிதான். ஆனால் தெருவில், மரத்தடியில், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஓடும் வண்டிக்கு வருடம் இரண்டு தரம் போதாது. இலை விழும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அதைச் செய்யமாட்டேன் என்று உள்ளுக்குள் தெரிந்தால் கேமனுக்குப் போங்கள்.

தெருவில் நிற்பதில் இன்னொன்று: துணியைக் கத்தியால் கிழிப்பவர்கள் உள்ளே தெரியும் பையைப் பார்த்துத்தான் கிழிக்கிறார்கள். இருக்கையில் ஒன்றும் வைக்காதீர்கள், முன்பெட்டியைப் பயன்படுத்துங்கள். துணி மாற்ற, கூலியோடு, ஆயிரம் பவுண்டுக்குமேல் ஒதுக்கி வையுங்கள்.

13 ஜனவரி 2024 · ஈரத்தெரு

2009 பாக்ஸ்டர் 2.9, மேனுவல், கறுப்புத் துணி ஒன்று பார்த்தேன். கூரை மூன்று தரமும் ஒரே சீராக ஓடியது. தரைவிரிப்பு காய்ந்திருந்தது. பேட்டரி மட்டும் செத்துக் கிடந்தது. விற்பவர் ஜம்ப் கேபிள் போடப் போனால் முன்பெட்டி திறக்கவில்லை, பேட்டரி அதற்குள்ளே இருக்கிறது!

13 ஜனவரி 2024 · ஆறுசிலிண்டர்

பெட்டியின் பூட்டு மின்சாரத்தில் திறப்பது, அதனால்தான். காலடியில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் சிவப்பாக ஒரு முனை உண்டு, வெளியே இழுக்கலாம். வெளிப் பேட்டரியின் நேர்முனைக் கேபிளை அதில் பிடியுங்கள். எதிர்முனையைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்புக் கொண்டியில். அலாரம் அலறும், சாவியால் அடக்குங்கள். முன்பெட்டிப் பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். இந்த முனை பூட்டைத் திறக்க மட்டும்தான், இதிலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் ஒயரிங் கருகும். பெட்டி திறந்ததும் கேபிளைக் கழற்றி, பேட்டரியிலேயே மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

பேட்டரி செத்துக் கிடந்தது என்றால் வண்டி ஓடாமல் நின்றிருக்கிறது. விலை பேசும் முன் நைலான் நரம்பைக் கையோடு கொண்டுபோங்கள்.